படகு வரும் நேரத்துப் பவளம்

தாழ்வுபாட்டில் எடித்தின் வீட்டு மீன்தொட்டிக்கு, அவள் கணவன் றெஜினோல்ட்தான் கடலில் சுழியோடிப் பவளம் தெரிந்தெடுத்தான்.

"கல்லுப்பவளம் தொட்டிக்குச் சரிவராது. இந்த மென்பவளம் வெளிச்சம் குறைஞ்சாலும் தப்பும்."

தப்பியது. அவனுடைய படகு கரையைத் தொடும் நேரத்தில் மட்டும் அந்தப் பவளம் தன் விரல் போன்ற கிளைகளை விரித்தது. எடித்துக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. அது விரிந்ததும் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து வந்த றெஜினோல்ட் தொட்டிக்கு முன்னால் கதிரையில் இருந்தான்.

"இஞ்ச பாருங்கோ, விரியுது! இவ்வளவு பெரிசா ஒருநாளும் விரியேல்லை!" எடித் கைதட்டினாள்.

கரையில் ஒரு படகின் இஞ்சின் ஓய்ந்தது. சிறிது நேரத்தில் படலை திறந்தது.

"எடித், தேத்தண்ணி வச்சிட்டியே?"

றெஜினோல்டின் குரல்தான்.

கதிரையில் இருந்த றெஜினோல்ட் அவளுடைய கையைப் பிடித்தான். பவளத்தின் விரல்கள் எல்லாம் வாசல் பக்கம் சாய்ந்தன.