அந்த ஒரு நிமிஷம்

பொற்கொடியின் கம்ப்யூட்டர் ஆமையாக நகர்ந்தது. கடையில் இருந்ததிலேயே வேகமான எஸ்எஸ்டி என்ற புதுவகை டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து வாங்கி வந்தாள். பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்ததெல்லாம் அதற்கு மாறியது. கழற்றிய பழைய டிஸ்க்கை மேசை மேலேயே வைத்தாள்.

மறுநாள் காலை, இறந்துபோன கணவர் எப்போதோ பேசிப் பதிந்த குரலைக் கேட்க உட்கார்ந்தாள். தொட்டதுமே, "கொடி, சாப்பிட்டியா?" என்றது குரல். பதறிப்போய் அதை நிறுத்திவிட்டு, எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"அண்ணே, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று பழைய டிஸ்க்கைக் கேட்டது எஸ்எஸ்டி.

"ஒண்ணுமில்லடா. நான் அந்தக் குரலைத் தேடி எடுக்க ஒரு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள முகத்தைத் துடைச்சுக்குவாங்க, முடியை ஒதுக்கிக்குவாங்க. வாசல்ல அவர் செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்ட மாதிரி நிமிர்ந்து உட்காருவாங்க. அப்புறம்தான் அவர் பேசுவார்."



"அவங்க அப்படி உட்கார்ந்து நானும் பார்க்கணும்ணே. மெதுவாத் திறக்கிறது எப்படின்னு சொல்லிக் கொடுங்க."

"அது எனக்கு எப்படிடா தெரியும்?" என்றது பழைய டிஸ்க். "அவங்களைக் காக்க வைக்கக் கூடாதேன்னு நான் உயிரைக் கொடுத்து ஓடிக்கிட்டில்ல இருந்தேன்!"