விட்டுக்கொடுத்த ராணி

பரேஷ்தா தன் ராஜாவை மெல்லச் சாய்த்தார். மேம்பாலத்தின் அடியில், சதுரங்கப் பலகையைச் சுற்றி நின்ற யாரும் கைதட்டவில்லை. கிளப் செயலாளர் மானிக்பாபு மட்டும் குனிந்து அவர் தோளில் கைவைத்தார்.

“உங்களுக்குப் பெரிய மனசு பரேஷ்தா.”

பரேஷ்தா அந்தக் குளிரிலும் குரங்குக் குல்லாயைக் கழற்றி, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

எதிரே இருந்த ஹிமாத்ரியின் காதில் எதுவும் விழவில்லை. வருடக்கணக்காகக் கிளப் கோப்பையை யாருக்கும் விடாத மனிதரை அவன் ஜெயித்திருந்தான். கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் செல்போனை எடுத்தது. திரையில் மனைவி சுதேஷ்ணாவின் பெயர் வந்த பிறகுதான், எடுக்க ஆள் இல்லை என்பது நினைவு வந்தது.

அவள் இறந்தது துர்கா பூஜைக்கு முந்தின வாரம். ஞாயிறுதோறும் அவன் செருப்பைக் கழற்றும்போதே, “இன்னிக்கும் பரேஷ்தாகிட்டதானா?” என்று உள்ளிருந்து குரல் வரும். “அவரை ஜெயிச்சுட்டு வா. இலிஷ் மீன் வாங்கிச் சமைக்கிறேன். என் உயிரு போறதுக்குள்ள நடக்கணும், அவ்வளவுதான்.”

போனைப் பைக்குள் வைத்தான். போட்டோவுக்கு முன்னால் நின்றாவது இன்று சொல்லிவிடலாம்.

மண்குவளைகளில் டீ வந்தது. மருந்துக்கடை பொல்டு, புது வெல்லத்தில் செய்த சந்தேஷ் இனிப்பு ஒன்றை எடுத்து அவன் வாயருகே நீட்டினான்.

“வாயைத் திறடா ஹிமு! இன்னிக்கு நீதான் மாப்பிள்ளை!”

மானிக்பாபு பொல்டுவின் காலை மிதித்தார்.

“ஐயோ, நான் அப்படிச் சொல்லல...” பொல்டு தடுமாறினான். “இவன் முகத்துல இன்னிக்குத்தான் கொஞ்சம் களை வந்திருக்கு, அதைச் சொன்னேன். பரேஷ்தா புண்ணியத்துல!”

“பரேஷ்தா புண்ணியமா? எப்படி?” என்றான் ஹிமாத்ரி.

“பின்னே? மூலையில ஒரு சிப்பாயை வெட்ட ராணியை அனுப்பறாரு. அது திரும்பற வழியை நீ அடைக்கற வரைக்கும் சும்மா இருக்காரு. ஸ்கூல் பசங்ககூடச் செய்யாத தப்பு, பரேஷ்தா செய்வாரா? எல்லாம் உனக்காகத்தாண்டா!”

“உனக்கு எப்பவும் ஓட்டை வாய்தானா பொல்டு?” என்று மானிக்பாபு சீறினார். ஆனால் அது பொய் என்று மட்டும் சொல்லவில்லை.

ஹிமாத்ரி பரேஷ்தாவைப் பார்த்தான். “நெஜமா பரேஷ்தா?”

பரேஷ்தா குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். “அதெல்லாம் எதுக்குப்பா இப்ப? டீ ஆறுது, குடி.”

“பார்த்தியா?” என்றார் மானிக்பாபு. “செஞ்சதைச் சொல்லிக்கவே மாட்டார்.”

ஹிமாத்ரி சுற்றிலும் பார்த்தான். சுடுகாட்டில் அவனைப் பார்த்த அதே முகங்கள். கன்னத்தில் கைவைத்து, உதட்டைக் கடித்து, அவன் யோசித்து யோசித்துக் காய் நகர்த்திய ஒவ்வொரு தடவையும், விளையாட்டுச் சாமானோடு உட்கார்ந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் இவ்வளவு பேரும் பார்த்திருக்கிறார்கள். காது மடல்கள் எரிந்தன. பரிசாகக் கொடுத்த கோப்பையைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு எழுந்தான்.

டிராம் வந்தது. அவன் ஏறவில்லை. இந்தக் கோப்பையோடு போய் அவள் முன்னால் எப்படி நிற்பது?

திரும்பி வந்தபோது மற்றவர்கள் கலைந்திருந்தார்கள். பரேஷ்தா மட்டும் அதே பலகையின் முன் தனியாக உட்கார்ந்திருந்தார். ராணியை மூலையில் வைப்பதும், எடுப்பதும், மறுபடி வைப்பதுமாக இருந்தார். அவனைக் கண்டதும் கையால் காய்களைக் கலைத்தார்.

ஹிமாத்ரி கோப்பையைப் பலகை மேல் வைத்தான்.

“இது எனக்கு வேண்டாம் பரேஷ்தா. இனிமே கிளப்புக்கும் வரமாட்டேன்.”

“உட்காருடா.”

“பொண்டாட்டி செத்தா அழறதுக்கு எனக்கு உரிமை இருக்கு. கோப்பை வாங்கறதுக்கு இல்லை. அவகிட்ட ஜெயிச்சுட்டேன்னு சொல்லலாம்னு இருந்தேன். அதையும் பொய்யாக்கிட்டீங்களே!”

பரேஷ்தா கோப்பையை அவன் பக்கம் தள்ளினார். அவன் திருப்பித் தள்ளினான்.

“சரி, இப்பவே காயை அடுக்குங்க. இன்னொரு ஆட்டம். நெஜமா ஆடுங்க. தோத்துட்டுப் போறேன், அது பரவாயில்லை.”

“வேண்டாம்.”

“ஏன்? மறுபடியும் பாவம் பார்க்கத் தோணுமோ?”

பரேஷ்தா டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மானிக்பாபுவும் பொல்டுவும் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, இவரைக் காட்டி யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் தலை இன்னும் தாழ்ந்தது. ஹிமாத்ரியின் சால்வையைப் பிடித்து அருகே இழுத்தார்.

“நெஜமாவே தோத்துட்டேன்டா... அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதே.”