தெரியாத நம்பர்

வாயில் நாலு ஆணி, கையில் சுத்தியல். அந்த நேரம் பார்த்துத்தான் வலியுல்லாவின் போன் அடித்தது. தெரியாத நம்பர். இந்த வாரத்தில் இது மூன்றாவது திருடன்.

மயிலாப்பூரில் சோபா ரிப்பேர் கடை வைத்திருக்கும் மனுஷன், ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு போனை ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்து ஜவுளிக்கடை முருகன் அண்ணாச்சியும் கேட்கட்டுமே!

"ஜுவேரியாவோட அப்பாவா சார்? யுனிவர்சிட்டி அட்மிஷன் செக்‌ஷன்லேர்ந்து பேசறோம்." பெண் குரல். பேசிப் பேசி அலுத்துப்போன குரல். "ஒரு சீட்டு காலியா இருக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டோட பொண்ணைக் கூட்டிட்டு நேர்ல வாங்க."

அண்ணாச்சி தன் கடை வாசலில் நின்றபடியே கையை ஆட்டினார், ஏமாந்துடாதீரும் என்று.

"வாம்மா வா! உனக்கு எவ்ளோ வோணும்?" என்றார் வலியுல்லா.

"எனக்கு எதுக்கு சார்? கவுண்டர்ல ஃபீஸ் கட்டினா போதும்."

"முந்தாநேத்து ஒருத்தன் ஓ.டி.பி. கேட்டான். நேத்து ஒருத்தன் அட்வான்ஸ் கேட்டான். நீ இன்னா கேக்கப் போற?"

"சார், நான் இன்னும் நெறைய பேருக்குப் பேசணும். வர்றீங்களா, இல்லையா?"

"வர மாட்டேன்! உன் சீட்டும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். போதுமா? இன்னொரு தபா கூப்ட்ட, சைபர் கிரைம்ல புடிச்சுக் குடுத்துருவேன்!"

போனை வைத்தார். அண்ணாச்சி ஓடிவந்து தோளைத் தட்டினார். "நல்லாக் கேட்டிய பாய்! மொதல்ல துட்டே வேணாம்னுதான் சொல்லுவானுவ. போன வருசம் எம் மவனுக்கு மெடிக்கல் சீட்டுன்னு என்னைய அப்படித்தானே மொட்டையடிச்சானுவ!"

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது என்பார்கள். அண்ணாச்சி பக்கத்து வீட்டுப் பூனையையும் சேர விடமாட்டார்.

ஆனால் வலியுல்லாவின் கோபம் துட்டுக்காக வந்ததல்ல. நாற்பது சீட்டுக்கு ஆறாயிரம் பேர் எழுதிய நுழைவுத் தேர்வு அது. மகள் ஜுவேரியாவும் அவள் தோழி ஃபிசாவும் இரண்டு வருஷம் ஒன்றாக உட்கார்ந்து படித்தார்கள். லிஸ்ட் வந்தது, இரண்டு பேர் பெயரும் இல்லை. வெயிட்டிங் லிஸ்ட் என்று கீழே ஒட்டியிருந்ததில் அடுத்தடுத்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். "அதெல்லாம் கண்துடைப்பு பாய்" என்று அண்ணாச்சி அன்றைக்கே சொல்லிவிட்டார்.

பதினோரு நாள் ஆயிற்று. பிள்ளை சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடக்கிறாள். ஒரு வாய் சோறு இறங்கவில்லை. "நான் எதுக்கும் லாயக்கில்லம்மா, எதுக்கு இருக்கேன்னே தெரியல" என்று நேற்று அம்மா ஜமீலுன்னிசாவிடம் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டதும் வலியுல்லா ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவள் அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். அது இன்னமும் அவர் சட்டைப் பையில்தான் கிடக்கிறது.

இந்த நிலைமையில் சீட்டு இருக்கிறது என்று சொல்லி, கூட்டிக்கொண்டு ஓடி, அங்கே போனால் அதுவும் பொய் என்று ஆனால்? பிள்ளையை உயிரோடு பார்க்க முடியுமா? வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற பாவிகள்!

நல்லவேளை, அட்மிஷன் பாரத்தில் அவர் தன் நம்பரைத்தான் எழுதியிருந்தார். வயசுப் பொண்ணு நம்பரைக் கண்ட காகிதத்தில் எழுதக் கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம். வந்த போன் எல்லாம் அவரோடு போயிற்று. பிள்ளை காதில் ஒன்றுகூட விழவில்லை.

ஆறு மணிக்குக் கடையைச் சாத்தினார். ஜுவேரியாவுக்குப் பிடிக்குமே என்று ஒரு பாட்டில் ரோஸ்மில்க் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வாசலிலேயே ஜமீலுன்னிசா காத்திருந்தாள். "ஏங்க, புள்ள எழுந்து உக்காந்துச்சு. மூஞ்சி கழுவி ரெண்டு இட்லி சாப்ட்டுச்சு. அடுத்த வருசம் மறுபடி எழுதறேம்மான்னு சொல்லுது."

வலியுல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அல்லாஹ் கைவிடவில்லை! சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நாளைக்குக் காலையில் தாழ்ப்பாளைத் திரும்ப மாட்டிவிடலாம்.

அப்போதுதான் ஃபிசா வந்தாள். கையில் ஒரு ஃபைல். உள்ளே வரத் தயங்கியபடி நிலைப்படியிலேயே நின்றாள்.

"வாம்மா, வா. இன்னிக்கித்தான் சிரிச்ச மொகமா கீறா. போய் ரெண்டு வார்த்தை பேசு" என்று அவளை உள்ளே அனுப்பிவிட்டு, வலியுல்லா டம்ளரில் ரோஸ்மில்க்கை ஊற்றினார்.

ஃபிசா ஜுவேரியாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு சீட்டு கிடைச்சிருச்சுடி. மத்தியானம் போன் பண்ணாங்க. இப்பதான் சேர்ந்துட்டு வரேன்."

ஜுவேரியா சிரிக்கத்தான் பார்த்தாள். "உனக்கு எப்படிடி? எனக்கு அப்புறம்தானே உன் பேரு?"

டம்ளர் நிறைந்து தரையில் வழிந்தது.

"அதான் எனக்கும் புரியல" என்றாள் ஃபிசா. "நீ ஏண்டி வேணாம்னு சொன்ன?"