கனிஷ்காவின் மஞ்சள் வீடு

இரண்டாம் வகுப்புக்கென்று இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்குத் துணையாகப் பக்கத்தில் ஒரு பிரிண்டர். "வரைஞ்சு முடிச்சதும் 'படம்'னு பேர் போட்டு சேமிக்கணும். அது என்ன கேட்டாலும் 'ஆம்'ங்கிறதை அழுத்துங்க, போதும்" என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

கனிஷ்கா ஒரு மஞ்சள் வீடு வரைந்தாள், வாசலில் அப்பா. மறுநாள் சாயங்காலம் குவைத்துக்குக் கிளம்பும் அப்பாவின் பெட்டியில் வைக்கத்தான். அன்றைக்குப் பார்த்துப் பேப்பர் தீர்ந்திருந்தது. சேமித்துவிட்டுப் போனாள்.

அடுத்து வந்த பையன் ஒரு லாரி வரைந்தான். அதற்கும் 'படம்' என்றே பேர் போட்டான். கம்ப்யூட்டருக்குப் பகீரென்றது. "இந்தப் பேர்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே, அதை அழிச்சிடவா?" என்று கேட்டது. பையன் சமத்தாக 'ஆம்' அழுத்தினான்.

காலையில் பேப்பர் வந்தது. கனிஷ்கா முதல் ஆளாக ஓடிவந்து பிரிண்ட் கொடுத்தாள். லாரி வந்தது.

"ஐயோ, பிள்ளையோட வீடு எங்கே?" என்று பதறியது பிரிண்டர்.

"போயிடுச்சு. கேட்டுட்டுத்தான் அழிச்சேன்" என்றது கம்ப்யூட்டர்.

கனிஷ்கா அழவில்லை. தாளைத் திருப்பி, வீடு பின்பக்கம் இருக்கிறதா என்று பார்த்தாள்.