வெள்ளிக்கிழமைத் திக்கு

"வா... வா... வாப்பா, நா... நா..." போனைப் பிடித்திருந்த ஹப்ஸாவின் வாய் கோணியது. ஆறு வயதுப் பிள்ளை, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சொல்லோடு மல்லுக்கட்டினாள்.

"அவசரமில்ல மகள். ஆறுதலாச் சொல்லு, வாப்பா எங்கயும் போகல்ல" என்றான் கத்தாரிலிருந்து றவூப். வெள்ளிதான் அவனுக்கு லீவு. ஜும்ஆத் தொழுகை முடிந்து அழைத்தவன் முக்கால் மணி நேரமாய் லைனில் இருந்தான்.

ஜெமீலாவுக்கு அலுத்துவிட்டது. மகளின் திக்குவாய்க்காக இரண்டு வருட அலைச்சல். ஆலங்குடாவிலிருந்து புத்தளத்துக்கு பஸ், கிளினிக் வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பு, போதாததுக்குப் பள்ளிவாசல் லெப்பை ஓதிக் கொடுத்த தண்ணீர் வேறு. என்னத்தைச் சொல்ல!

நேற்றும் போய் வந்தாள். "சின்ன வயசில வாற திக்கு முக்கால்வாசிப் பிள்ளைகளுக்குத் தானாப் போயிடும். உங்கட மகளுக்கும் போயிட்டுது. மூண்டு மாசமா இங்க ஒருக்காவும் திக்கேல்லை" என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ்.

"ஓம் மிஸ், முன்வீட்டுப் பொடியனோட சண்டைக்குப் போனா மழை மாதிரிக் கொட்டுறா. வாப்பாவோட போன்ல கதைச்சா மட்டும் திக்குதே!"

மிஸ் யோசித்தாள். "பிள்ளைக்குத் தகப்பனெண்டாப் பயமோ?"

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி ஜெமீலாவை அரித்தது. றவூப் பிள்ளையை ஒருநாளும் அதட்டியதில்லை. மனைவியிடம்தான் எல்லாம் சுருக்கம். "வீட்டுல எல்லாம் சரியா? சரி, வெக்கிறேன்." இரண்டு நிமிடம் தாண்டாது. ஆனாலும் பிள்ளை மனதில் என்ன கிடக்கிறதோ, யார் கண்டது?

இப்போது மனதைக் கல்லாக்கிக்கொண்டு மகளிடமிருந்து போனைப் பறித்தாள். "இஞ்ச பாருங்க, கொஞ்ச நாளைக்குப் புள்ளையோட நீங்க கதைக்க வேணாம். உங்கட கொரலக் கேட்டாத்தான் அவளுக்குத் திக்குது."

"அப்பிடியா... சரி. புள்ளைக்குச் சொகமானாப் போதும்" என்றான். குரல் உடைந்திருந்தது. லைனும் போய்விட்டது.

ஹப்ஸா ஓடிவந்து உம்மாவின் வயிற்றில் இரண்டு கையாலும் குத்தினாள். அத்தனை அழுகையிலும் ஒரு சொல் தடுக்கவில்லை.

"திக்கினாத்தானே உம்மா வாப்பா என்னோட கனநேரம் இருப்பாரு! நல்லாக் கதைச்சா, உங்களுக்கு வெக்கிற மாதிரி எனக்கும் டக்கெண்டு வெச்சிடுவாரு!"