மாடி அறையின் சாவி

இதில் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். என் கண்கள் இரண்டும் சாட்சி.

அந்தக் காலத்தில் ஒரு பழைய மாளிகையில், பெற்றோரை இழந்த பெண் ஒருத்தி இருந்தாள். வீடு அவளுடையது, அதிகாரம் அத்தையுடையது. கரண்டி கீழே விழுந்தால்கூட அவளைப் பட்டினியோடு மாடி அறையில் அடைக்கச் சொல்வாள் அத்தை. பூட்டுவது அத்தை மகனின் வேலை. அந்தப் பெண்ணின் அம்மா உயிர்விட்ட அறை அது. அங்கே ஆவி உலவுவதாகப் பேச்சு.

ஒருமுறை மூன்றாம் நாள் கதவைத் திறந்தபோது, அவள் தலை வாரிப் பின்னித் தெம்பாக இறங்கி வந்தாள்.

“பயமா இல்லையாடி?” என்றாள் அத்தை.

“எதுக்கு அத்தை? அம்மாதானே. தலைகூடப் பின்னிவிட்டாங்க. உங்களைத்தான் ரொம்ப விசாரிச்சாங்க.”

“என்னையா? என்னன்னு?”

“நாத்தனார் எப்ப மேல வருவாங்கன்னு.”

“நீ என்ன சொன்னே?”

“உங்களுக்கு மூட்டு வலி, படி ஏற முடியாதுன்னேன். ‘பரவாயில்ல, நானே இறங்கி வரேன்’னாங்க.”

மாலைக்குள் அத்தை பெட்டி படுக்கையோடு வண்டி ஏறிவிட்டாள். தெரு முனைக்குப் போன பிறகுதான், மகனை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. ஆனாலும் வண்டியை நிறுத்தவில்லை.

அந்தப் பெண் கை நீட்டி அவனிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள். பிறகு பெரிய மனது பண்ணி, அவனையே கல்யாணமும் செய்துகொண்டாள். அவளைப் போல் தங்கமான மனசுக்காரி உலகத்தில் கிடையாது.

அந்த மகன் நான்தான். இதை அந்த மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவிடுக்கு வழியாக வாங்கிப் படித்து, அவள் சரி என்று சொன்னால்தான் கதவைத் திறப்பாள்.