துண்டு போட்ட சீட்

“துண்டுல கைய வைக்காதீங்க சேச்சி. அதுக்கு ஆளு உண்டு.”

மகாராஜா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான். ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதுகிறவன். கடையில் கிடைக்காத அதிகாரத்தையெல்லாம் திருவனந்தபுரம் போகும் இந்தக் காலைப் பாசஞ்சரில் காட்டிவிடுவான்.

காஞ்சிரவிளை ஹால்ட்டில் அப்போதுதான் ஏறியிருந்த அந்தப் பெண் கையை எடுத்துக்கொண்டாள். முகம் வீங்கியிருந்தது. தலைகூடச் சீவவில்லை. துணிப்பை ஒன்றை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

“கொஞ்ச நேரம் இருந்துக்கிடுதேன் அண்ணா. தல சுத்துது. ஆளு வந்தா எந்திச்சிருவேன்.”

“இருந்தவ யாரு எந்திச்சிருக்கா?” என்றான் எதிரே இருந்த சொரிமுத்து. பழவங்காடி ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஜன்னலோரத்து அந்த இடம் தாசையனுடையது. தினமும் காஞ்சிரவிளையில் ஏறுகிறவன். இன்றைக்கு ஆளைக் காணோம். கடைசிப் பெட்டியில் தொற்றியிருப்பான், நெய்யாற்றின்கரையில் இறங்கி ஓடி வருவான் என்று நண்பர்கள் முடிவு கட்டினார்கள். இத்தனை வருஷத்தில் தாசையன் வீடு எந்தப் பக்கம் என்று இருவருக்கும் தெரியாது. ரயில் சிநேகம் பிளாட்பாரத்தோடு சரி.

மகாராஜா போனை எடுத்துக் காதில் வைத்தான்.

அந்தப் பெண்ணின் பைக்குள் ஏதோ உறுமியது. குனிந்து பார்த்தாள், எடுக்கவில்லை.

“புருஷன் கூப்பிடுதான் போல,” சொரிமுத்து எல்லாருக்கும் கேட்கும்படி குசுகுசுத்தான். “ராத்திரி நல்ல சண்ட. மூஞ்சியப் பாரு மக்கா. கோவிச்சிட்டு அம்மா வீட்டுக்குப் போறா.”

“பாவம் அவன்,” என்று மகாராஜா போனை மடியில் வைத்தான். “நம்ம ஆளு எந்தப் பெட்டியில நின்னு நசுங்குகானோ!”

நெய்யாற்றின்கரையில் கூட்டம் அப்பியது. தாசையன் வரவில்லை. அந்தப் பெண் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்தில் வந்து நின்ற காலேஜ் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

“சேட்டா, ஆ ஆன்ட்டிக்கு வய்யா. ஒந்நு இருந்நோட்டே,” என்று மலையாளத்தில், முடியாதவள் கொஞ்சம் உட்காரட்டுமே எனப் பரிந்து பேசினாள்.

மகாராஜாவுக்குச் சுருக்கென்றது. பேப்பரை மடித்தான்.

“உனக்குத் தெரியாது மோளே. கொரோனாவுக்குப் பெறவு காஞ்சிரவிளையில வண்டி நிக்காம போச்சு. வீடு வீடா கையெழுத்து வாங்கி, ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கி, திரும்ப நிக்க வச்சது தாசையன். இந்தச் சேச்சி இன்னைக்கு அங்க ஏறுனதே அவன் புண்ணியம். அன்னைக்கே நாங்க சொல்லியாச்சு. தாசையன் உயிரோட இருக்கது வர அந்த சீட்டுல வேற ஒருத்தரும் இருக்கப்பிடாது!”

அந்தப் பெண் கண்ணைத் திறந்து அவனையே பார்த்தாள். சொரிமுத்து துண்டை இழுத்து நேராக விரித்து வைத்தான்.

பாலராமபுரம் தாண்டியது. மகாராஜா மறுபடியும் போன் போட்டான்.

பை உறுமியது. இந்தத் தடவை அவள் எடுத்தாள். கண்ணாடி கீறிய பழைய போன். காதில் வைத்தாள்.

“எடுத்துட்டான்!” மகாராஜா குதூகலமாகக் கத்தினான். “லேய் தாசையா, எங்கல கிடக்க? உனக்க சீட்ட ஒரு சேச்சி பறிக்கப் பாக்குது!”

பதில் போனிலும் கேட்டது, தலைக்கு மேலேயும் கேட்டது.

“அவரு மரிச்சுப்போனாரு அண்ணா. ராத்திரி நெஞ்சு வலின்னு எனக்க தம்பி கார்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். விடியக்குள்ள முடிஞ்சுட்டு. நான் பாடி வாங்கத்தான் போறேன்.”

மகாராஜா போனைக் காதிலிருந்து எடுக்க மறந்துபோனான். சொரிமுத்து துண்டைப் பார்த்துக் கை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அவளும் போனை இறக்காமல் கேட்டாள்.

“இனி நான் அதுல இருக்கலாமா?”